கீறல் எண் பதினாலு

"எங்க பெரியம்மா பொணத்த எங்க பொதச்சீங்க?"

டெய்சி கேட்டே விட்டாள்.

கேட்கவே கூடாது என்று பதினோரு நாளுக்கு முன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா ஸ்டெல்லா. 'சினிமாக்காரங்ககிட்ட வேலைக்குப் போறியா, போ. வேலையப் பாத்தமா வந்தமான்னு இரு. ஜோசப்பின் பேர மட்டும் எடுத்துடாத. ஒங்க நைனா காதுல அந்தப் பேரு உழுந்துச்சுன்னா அப்பறம் வூடு வூடா இருக்காது.'

சத்தியம் பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு உடைந்தது.

எதிரே நின்ற தனசேகரன், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"என்னம்மா சொன்னே?"

"காது கேக்கலையா சார்? பொணம். பொதச்ச எடம். எங்க?"

"கேபிள் எல்லாம் செக் பண்ணிட்டியா?"

"கேபிள் நல்லாத்தான் இருக்குது. மனுசங்கதான் லூசா இருக்கறாங்க."

கத்தரிக்கோல் நின்றது.

தனசேகரனுக்கு அறுபத்தாறு வயது. மறைந்த மாபெரும் இயக்குநர் பாண்டுரங்கனிடம் இருபது வருடம் இணை இயக்குநராக இருந்தவர். இன்று பாண்டுரங்கன் பெயரில் நடக்கும் அறக்கட்டளைக்குத் தலைவர். செஞ்சியில், திண்டிவனம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, அதற்குள் தன் குருநாதரின் மொத்த வாழ்க்கையையும் நிரப்பியிருந்தார். தாலி கட்டும் மேடையில் முப்பது அடித் திரை. மணமகள் அறையில் அவர் போட்ட கண்ணாடி, பிடித்த பேனா. காதில் மாட்டினால் அவரே பேசும் ஹெட்ஃபோன்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகத் தொடுதிரைகள்... எத்தனை ஊதுபத்தி கொளுத்தியும் அங்கே சாம்பார் வாசம் போகவில்லை.

பதினொரு மணிக்கு அமைச்சர் வருகிறார். திறந்து வைக்கிறார்.

டெய்சி உள்ளூர் ஆள். வயது இருபத்தைந்து. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். திரைகளை ஓட்டுவதற்குச் சென்னை ஏஜென்சி மூலமாக வேலைக்கு வந்திருந்தாள்.

"இங்க வாங்க சார். ஒண்ணு காட்டறேன்."

"எனக்கு நேரமில்ல."

"எங்க பெரியம்மாவுக்கும் இல்லாமப் போச்சு. வாங்க."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை நடக்க வைத்தது.

மூன்றாம் தொடுதிரை. அதில் ஒரு ராணி அந்தரத்தில் நின்றிருந்தாள்.

'மதில் இறங்கிய மகராணி.' ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. ராஜகிரிக் கோட்டை மதிலிலிருந்து ராணி குதிக்கும் கடைசிக் காட்சி. நாலே விநாடி. சினிமா படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த நாலு விநாடியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பழைய நெகட்டிவைச் சுத்தம் செய்து புதுசாக்கிய பெருமையைக் காட்டத்தான் இந்தத் திரை. விரலால் இப்படித் தள்ளினால் பழைய படம். அப்படித் தள்ளினால் புதுப் படம். கீழே ஒரு பட்டியல். நீக்கப்பட்ட கீறல்கள், முப்பத்தேழு.

"பதினாலாவதப் படிங்க சார்."

"டெய்சி, நான்..."

"படிங்க."

தனசேகரன் படித்தார். "கழுத்துப் பகுதியில் நெகட்டிவ் கீறல். நீக்கப்பட்டது."

டெய்சி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்து. நகைகளுக்கு நடுவே ஒரு நூல். நூலின் முனையில், காற்றில் எகிறிய சின்னத் துணித்துண்டு. அரக்கு நிறம்.

"இது கீறலா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு உத்தரியம். சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை வாங்கறப்ப சாமியாரு கழுத்துல போடுவாரு. பொட்டியில வெச்சு மூடற வரைக்கும் கழட்ட மாட்டோம். உங்க மகராணிக்கு எப்ப சார் ஞானஸ்நானம் குடுத்தாங்க?"

"அது... டூப். ஹீரோயினுக்கு டூப் போட்டவ. உள்ளூர்ப் பொண்ணு. ஊருக்குள்ள கிறிஸ்தவங்க நூறு குடும்பம் இருக்கு. யாரோ ஒருத்தி..."

"அந்தத் துணியோட ஓரத்தப் பாருங்க. என்னா கலரு நூல்ல தச்சிருக்குது?"

நீலம்.

"அரக்கு நூலு அந்து போச்சுன்னு நீல நூல்ல தச்சது எங்கம்மா. பதினஞ்சு வயசுல. வூட்ல இருந்த போட்டோவையெல்லாம் நைனா கொளுத்திட்டாரு. பைபிளுக்குள்ள ஒண்ண மட்டும் அம்மா ஒளிச்சு வெச்சிருக்குது. அதுலயும் இதே நீல நூலு. முப்பத்து நாலு வருசமா எங்க பெரியம்மா சினிமாக்காரன்கூட ஓடிப் போய்ட்டான்னு ஊரு பேசுது. அவ ஓடல. உழுந்திருக்கா. உங்களுக்கு அவ பதினாலாம் நம்பர் கீறல்."

தனசேகரன் சுற்றிலும் பார்த்தார். கூடத்தில் யாருமில்லை. வாசலில் தோரணம் கட்டும் சத்தம் மட்டும்.

"உனக்கு என்ன வேணும்?"

"ரெண்டே ரெண்டு. எடம். ஆளு பேரு."

"இத இதோட விட்டுடு. சென்னையில உனக்கு நல்ல வேலை... எடிட்டிங் ஸ்டூடியோ நம்மளோடதுதான்..."

"காத்தால ஏழு மணிக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன் சார். படத்தோட காப்பியும் குடுத்தாச்சு. எஸ்.ஐ. அம்மா படிச்சிட்டு, ஆளு பேரு இல்லாம யாரப் புடிக்கறது, பேரோட வான்னாங்க. பேருக்குத்தான் நிக்கறேன்."

தனசேகரன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று பத்து வயது கூடிய மாதிரி இருந்தது.

"உங்க அம்மா... என்ன பண்றாங்க?"

"டிவி பாக்கறாங்க."

"ஓ."

"எந்தப் படம் போட்டாலும் பாப்பாங்க. ஹீரோவப் பாக்க மாட்டாங்க. ஹீரோயினப் பாக்க மாட்டாங்க. பின்னாடி டான்ஸ் ஆடற கூட்டத்தப் பாப்பாங்க. சந்தையில நடக்கறவங்களப் பாப்பாங்க. அக்கா துணை நடிகையா எங்கியாவது நிக்குதான்னு தேடுவாங்க. முப்பத்து நாலு வருசமா தேடறாங்க சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நவம்பர் ரெண்டாந்தேதி ஊரே கல்லறையில போய் மெழுகுவத்தி ஏத்தும். எங்கம்மா கையில ஒண்ணு மிச்சம் நிக்கும். செத்தாளா இருக்காளான்னே தெரியாதவளுக்கு எங்க ஏத்தறது? திரும்பக் கொண்டாந்து பரண்ல போட்டுடுவாங்க. எங்க தாத்தா கோயிலுக்குள்ள போறத நிறுத்திட்டாரு. வெளிய நின்னே பூசை பாத்தாரு. அப்பிடியே செத்தாரு. இப்ப சொல்லுங்க. எங்க பொதச்சீங்க?"

"நாங்க பொதைக்கல."

"சார்..."

"சத்தியமா பொதைக்கல டெய்சி. உக்காரு. சொல்றேன்."

அவள் உட்காரவில்லை.

"முந்தின நாளே பூசணிக்காய் உடைச்சாச்சு" என்று ஆரம்பித்தார். "ஷூட்டிங் முடிஞ்சுது. கூட்டத்தை அனுப்பிட்டோம். பாதி யூனிட் மெட்ராஸ் போயிடுச்சு. ராத்திரி டைரக்டர் கூப்பிட்டு, அந்த ஜம்ப் ஷாட் மட்டும் திருப்தியில்ல, விடியக்காலை வெளிச்சத்துல மறுபடி எடுக்கலாம்னார். பூசணிக்காய் உடைச்ச அப்புறம் கேமராவைத் தொடக்கூடாது சார்னு சொன்னேன். கேக்கல."

"அப்பறம்?"

"எட்டே பேர் மேலே போனோம். டூப் போட ஆம்பிளை இல்ல, ஸ்டண்ட் ஆள் போயிட்டார். ஜோசப்பின் நான் பண்றேன்னா. பயமே கிடையாது அவளுக்கு. இடுப்புல கயிறு கட்டி, மேல புடவை சுத்தி விட்டோம். பத்தடி விழுந்ததும் மேலே இருக்கிறவர் கயிறை நிறுத்திடணும். முதல் டேக் அப்படித்தான் நடந்தது. ரெண்டாவது டேக்ல..."

"நிறுத்தல."

"நிறுத்தல. கீழே பாறை."

டெய்சியின் கண் திரையில் இருந்தது. அந்தரத்தில் நிற்கும் ராணி. இருபது வயது. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டில். இன்னும் தெரியாத முகம் அது.

"கேமரா ஓடிக்கிட்டே இருந்தது" என்றார் தனசேகரன். "டைரக்டர் கட் சொல்லல. ரொம்ப நேரம் கழிச்சு என் பக்கம் திரும்பினார். இதைவிட உயிரோட ஒரு ஷாட் இனிமே வராதுய்யான்னார். அழுதுக்கிட்டேதான் சொன்னார். ஆனா சொன்னார். அந்த ஷாட்டையே படத்துல வெச்சார். அவருக்கு விருது வாங்கிக் குடுத்தது அது."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நான் அசிஸ்டென்ட்மா."

"அது பதில் இல்ல சார். அது வேலை."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு டேக்கும் முழுசா இருக்குதா?" டெய்சி கேட்டாள்.

"எதுக்கு?"

"போடுங்க."

"பாக்காதே. தாங்க மாட்டே."

"எங்கம்மா முப்பத்து நாலு வருசம் தாங்கியிருக்காங்க. நான் நாலு நிமிசம் தாங்கறேன்."

அவர் பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். டெய்சி சொருகினாள். 

முதல் டேக்.

தியேட்டரில் படத்தின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மறைத்துவிடுவார்கள். நெகட்டிவில் எல்லாம் இருக்கும். மேல் ஓரத்தில் மதில் தெரிந்தது. மதிலில் ஒரு கல்தூண். தூணிலிருந்து இறங்கும் கயிறு. தூணுக்குப் பின்னால் முகம் தெரியாமல் ஒரு ஆள்... இரண்டு கை மட்டும்.

ஜோசப்பின் குதித்தாள். கயிறு விறைத்தது. அவள் அந்தரத்தில் ஆடிக்கொண்டே கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

 பெரியம்மா அசைந்து டெய்சி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் டேக்.

ஜோசப்பின் குதித்தாள்.

டெய்சி நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள். மூன்றாவது தடவை அவள் ஜோசப்பினைப் பார்க்கவே இல்லை. மேல் ஓரத்தை மட்டும் பார்த்தாள்.

"சார். இது ஆக்சிடென்ட் இல்ல."

"என்ன?"

"மொத டேக்ல தூணப் பாருங்க. கயிறு எப்பிடி இருக்குது?"

"தூண்ல சுத்தியிருக்கு."

"ரெண்டு சுத்து. ரெண்டாவது டேக்ல?"

தனசேகரன் திரைக்கு அருகே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சுத்தல... நேரா வருது."

"எங்க நைனா கெணறு தூர் வார்றவரு சார். செஞ்சி சுத்துவட்டாரத்துல எந்தக் கெணத்துல ஆளு எறக்கணும்னாலும் அவரத்தான் கூப்புடுவாங்க. சின்ன வயசுல கெணத்து மேட்டுல ஒக்காந்து பாத்துக்கினே இருப்பேன். கல்லுல ரெண்டு சுத்து சுத்தாம கயித்துல கை வெக்க மாட்டாரு. சுத்து இருந்தா ஒரு கொழந்த புடிச்சாலே ஆளு நிக்கும். கை உட்டுட்டாலும் கல்லு புடிச்சிக்கும். சுத்து இல்லன்னா எந்தப் பயில்வான் புடிச்சாலும் நிக்காது. கயிறு புடிக்கறவனுக்கு இது அரிச்சுவடி. ஒரு டேக்குக்குச் சுத்திட்டு அடுத்த டேக்குக்கு மறந்துட்டான்னு சொன்னா எந்தக் கெணத்துக்காரனும் நம்ப மாட்டான்."

"கை வழுக்கிடுச்சுன்னு சொன்னாரே... தலையில அடிச்சிட்டு அழுதாரே..."

"அவரு கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நான்தான் தண்ணி குடுத்தேன். குடிக்க மாட்டேன்னு ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுத் தடுத்தார்."

"உள்ளங்கையில தோலு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஏன்?"

"ஒரு ஆளு வெயிட்டோட கயிறு புடிச்ச கைக்குள்ள ஓடுனா தோலு உரிஞ்சு கயித்தோட போயிடும் சார். அவரு புடிக்கவே இல்ல."

சாம்பார் வாசம் அடிக்கும் அந்தக் கூடம் சில்லென்று ஆனது.

"எட்டுப் பேரு மலை மேல நின்னீங்க" என்றாள் டெய்சி. "எட்டுப் பேருக்கும் லென்ஸு தெரியும், லைட்டு தெரியும். ஒருத்தனுக்கும் கயிறு தெரியல. யாரு சார் அந்த ஆளு?"

"உள்ளூர்க்காரர்தான். அவளைக் கட்டிக்கப் போறவர்."

"இன்னா சொல்றீங்க?"

"அவருக்கும் ஜோசப்பினுக்கும் நிச்சயமாயிருந்தது. பிரேதத்தை அவர்தான் வாங்கிட்டுப் போனார். நானே பாத்துக்கறேன், எங்க கோயில் கல்லறையில முறைப்படி அடக்கம் பண்ணிக்கறோம், கேஸ் எதுவும் வேணாம்னார். எங்களுக்கு அது போதும்னு இருந்தது. அவளுக்குக் கல்லறை இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன். ஓடிப் போயிட்டான்னு ஊர்ல சொல்லியிருக்கார்னு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். டைரக்டர் எழுதி வாங்கிக்கச் சொன்னார். வாங்கினேன்."

"எழுதுனது இருக்குதா?"

"நான் எதையும் தூக்கிப் போடறதில்ல. அதுதான் என் வியாதி."

அவர் கைப்பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு தாள். டெய்சி வாங்கினாள்.

மேலே நடுவில் ஒரு சிலுவைக் குறி. கீழே நாலு வரி. பிரேதத்தைப் பெற்றுக்கொண்டேன். யார் மேலும் எனக்குக் குறையில்லை.

கடைசியில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுக்கா ஆபீசுக்கு நாலு தடவை நடந்து, நாலு தடவையும் விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து. 'லூ'வைப் பெரிதாகப் போட்டு, 'ன்'னுக்குக் கீழே ஒரு கோடு இழுக்கும் கையெழுத்து. அவள் பட்டம் வாங்கிய அன்று காலேஜ் வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுத ஆளின் கையெழுத்து.

லூர்துநாதன்.

டெய்சி அசையவில்லை.

தனசேகரனின் பார்வை அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போனது. எல். டெய்சி.

"உன் பேருக்கு முன்னாடி எல்னு போட்டிருக்கே..." மெதுவாகக் கேட்டார். "எல்னா... என்னம்மா?"

கதவு திறந்தது. வரவேற்பில் நிற்கும் அமலா தலையை நீட்டினாள்.

"டெய்சிக்கா, ஒங்க நைனா வந்துருக்காரு. சாருதான் பழைய ஷூட்டிங் ஆளுங்களுக்கெல்லாம் லெட்டர் போட்டு வரச் சொன்னாராமே. ஒங்களத்தான் கேக்கறாரு. இங்கயே அனுப்பவா?"

யாரும் பதில் சொல்வதற்குள் லூர்துநாதன் உள்ளே வந்துவிட்டார்.

அறுபது வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் எடுக்கும் உடுப்பு. அமலா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"இன்னா பாப்பா, காத்தால சாப்டாமயே கெளம்பிட்ட? மொகம் சரியில்லாத போனியே. அதான் மனசு கேக்கல. வரக் கூடாதுன்னுதான் இருந்தன்..."

பேச்சு நின்றது.

திரையைப் பார்த்துவிட்டார்.

டெய்சியைக் கடந்து, தனசேகரனைக் கடந்து திரைக்கு முன்னால் போய் நின்றார். முப்பத்து நாலு வருடம் கழித்து ஜோசப்பின் அவருக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் இருந்தாள். லூர்துநாதன் விரலை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டார்.

தொடுதிரை. விரல் பட்டதும் படம் நகர்ந்தது. பழைய படம் போய்ப் புதுப் படம் வந்தது. உத்தரியம் மறைந்தது.

அவர் சுட்டுக்கொண்டவர்போல் கையை இழுத்தார்.

"நைனா."

"ம்."

"தூண்ல ரெண்டு சுத்து சுத்தியிருந்த. ஏன் கழட்டுன?"

ஒரு தகப்பன் பொய் சொல்லத் தயாராவதை டெய்சி பார்த்தாள். அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போவதையும் பார்த்தாள்.

"நீ கெணத்து மேட்டுல ஒக்காந்துனு பாக்கறப்பல்லாம் நெனப்பன்" என்றார் லூர்துநாதன். "இந்தப் பொண்ணு இத எதுக்கு இவ்ளோ உன்னிப்பாப் பாக்குதுன்னு."

"கேட்டதுக்குச் சொல்லு."

"கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு பாப்பா. ரெண்டு ஞாயித்துக்கெழம. லூர்துநாதனுக்கும் ஜோசப்பினுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியாரு ஊருக்கே வாசிச்சிட்டாரு. மூணாவது ஓலை பாக்கி. மொத டேக் முடிஞ்சு மேல ஏறி வந்தா. சிரிச்சிக்கினே வந்தா. யூனிட் பஸ்ல நானும் மெட்ராஸ் போறேன், டைரக்டரு சான்ஸ் தரேன்னுட்டாரு, நீ வேற பொண்ணப் பாத்துக்கன்னா. சொல்லிட்டு, கயித்த நல்லாப் புடி மச்சான்னு போய் நின்னா."

தனசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது ஞாயித்துக்கெழம நான் மட்டும் தனியா கோயில்ல போய் நிக்கணுமா? ஊரு சிரிக்கும்ல? ஒரு நிமிசம் பாப்பா. ஒரே நிமிசம் எனக்குப் புத்தி இல்ல."

"சுத்து கழட்ட ஒரு நிமிசம் போதும்" என்றாள் டெய்சி. "அப்பறம் முப்பத்து நாலு வருசம்? அதுல ஒரு நிமிசம்கூடப் புத்தி வரலையா?"

அவர் வேட்டி முனையைக் கையில் சுருட்டினார்.

"ஓடிட்டான்னு ஊர்ல சொன்னது நீ."

"ஆமா."

"போட்டோவக் கொளுத்துனது நீ."

"ஆமா."

"அப்பறம் அதே கோயில்ல ஓலை வாசிச்சு எங்கம்மாவக் கட்டிக்கின. பெரிய பொண்ணு மானத்த வாங்கிட்டாளேன்னு தாத்தா சின்னப் பொண்ண ஒன் கால்ல வெச்சாரு. நீ பெரிய மனசு பண்ணி ஏத்துக்கின. ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு."

"ஸ்டெல்லாவ நான் ஒரு நாளு கைநீட்டி அடிச்சதில்ல பாப்பா."

"அவ அக்காவக் கொன்ன கையி அதுக்கு மேல இன்னா பண்ணணும்?"

கூடத்துக்கு வெளியே மைக் சோதித்தார்கள். ஒன்... டூ... த்ரீ...

டெய்சியின் குரல் முதன்முதலாக உடைந்தது.

"நைனா, அவ எங்க இருக்கறா?"

லூர்துநாதன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சிங்கவரம் பக்கம் நம்ம மல்லாட்டைக் கொல்லையில."

"தூர்த்துட்டோம்னு சொல்லுவியே. ஊத்து வத்திப் போச்சுன்னு. அந்தக் கெணறா?"

"அதான்."

அந்த மண்ணில் விளைந்த வேர்க்கடலையை அவித்துத் தின்று வளர்ந்தவள் டெய்சி. அம்மாவும் தின்றிருக்கிறாள். அக்காவைத் தேடிக்கொண்டே, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து.

"தூக்கிப் போடல பாப்பா" என்றார் அவர். ரொம்ப முக்கியமான விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "எறக்குனன். பாயில சுத்தி, கயித்தக் கட்டி... கல்லுல ரெண்டு சுத்து சுத்தி எறக்குனன். ஒரு எடத்துலயும் இடிக்கல."

டெய்சி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அதில் தண்ணீர் இருந்தது. அதைத் துடைக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினாள். தாளை உறையோடு மடித்துக்கொண்டாள்.

"டெய்சி" என்றார் தனசேகரன். "அமைச்சர் கிளம்பிட்டார். ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கோ. விழா முடியட்டும். டைரக்டர் பேரு..."

"டைரக்டர் பேருக்கு ஒரு மண்டபமே எடுத்திருக்கீங்க. எங்க பெரியம்மா பேரு எந்தச் செவுத்துலயாவது இருக்குதா? நீங்களும் கெளம்பி ரெடியா இருங்க. அரசு சாட்சி நீங்கதான். நீங்களா வந்தா மரியாத, இல்லன்னா கூட்டிட்டுப் போவாங்க."

அவள் கதவுக்கு நடந்தாள்.

"பாப்பா" என்றார் லூர்துநாதன். தடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். "நான் எங்கியும் போவ மாட்டன். இங்கதான் இருப்பன். ஆனா ஒங்கம்மாகிட்ட... ஒங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவ?"

டெய்சி கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"டிவிய நிறுத்திடும்மான்னு சொல்லுவேன்."

 லூர்துநாதன், தனசேகரன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். விம்மல் சத்தம் கேட்டது. இருபத்தைந்து வருடத்தில் அந்தச் சத்தத்துக்கு அவள் ஓடாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

கூடம். நடை. முப்பது அடித் திரையில் பாண்டுரங்கன் கறுப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தார். டெய்சி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் வெயிலுக்குக் கண் கூசியது.

பன்னீர்ச் செம்போடு நின்ற அமலா வழிமறித்தாள்.

"அக்கா, இன்னும் அரை மணி நேரத்துல அமைச்சர் வந்துருவாரு. அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீங்க?"

டெய்சி செருப்பை மாட்டினாள்.

"ஸ்டேஷனுக்கு. அமைச்சர் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு வை அமலா, இன்ஸ்பெக்டரக் கூட்டிக்கினு வரேன். அவருக்குப் பன்னீர் தெளிச்சா போதும், வெலங்கு அவரே எடுத்துனு வருவாரு."